முதல் ஆணி

பிரிண்டர் மெதுவாக அடித்தது. ஹிராசேயைத் தவிர வேறு யாரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். வழக்கமாக ஒரு ரீடிங்கின் அத்தனை இலக்கங்களையும் ஒரே உதறலில் கொட்டிவிட்டு அடுத்ததற்கு வாய் பிளந்து நிற்கும் அந்தப் பழைய பிரிண்டர், இன்று மாலை ஒவ்வொரு இலக்கமாக, நடுநடுவே மூச்சு விட்டுக்கொண்டு, புள்ளி வரும் இடத்தில் இன்னும் கொஞ்சம் தயங்கி அடித்தது. சுவா ஏரிப் பக்கமிருந்து வந்த பனி ஜன்னலில் சத்தமில்லாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் மேல் கெட்டில் முனகியது.

தொழிற்சாலைகளில் உழைத்துக் களைத்த மீட்டர்கள் சரியாகக் காட்டுகின்றனவா என்று பார்த்துச் சான்றிதழ் தரும் பட்டறை அது. மேசை மேல் சோதனைக்கு வந்த வோல்ட்மீட்டர், அதற்குத் துல்லியமான மின்சாரம் ஊட்டும் சோர்ஸ், பிரிண்டர். மூன்றையும் கட்டை விரல் தடிமனுள்ள ஒரு கேபிள், பிளக் மேல் பிளக்காக அடுக்கிக் கம்ப்யூட்டரோடு இணைத்திருந்தது. அந்தக் கேபிளில் ஒருவர்தான் பேசலாம். மற்றவர்கள் கேட்க வேண்டும். கேட்பவர்களில் ஆக மந்தமானவரும் வாங்கிக்கொண்ட பிறகே அடுத்த இலக்கம் வெளியே வரும்.

அப்படியென்றால், யாரோ மெதுவாகக் கேட்கிறார்கள்.

வோல்ட்மீட்டரைக் கழற்றிப் பார்த்தான். சோர்ஸைக் கழற்றிப் பார்த்தான். கேபிளையே மாற்றினான். பிரிண்டரை மட்டும் வைத்து அனுப்பியபோதும் அதே நிதானம். பென்சில் பிடித்த கை ஒன்று எழுதும் நிதானம். எல்லாவற்றையும் பழையபடி மாட்டினான்.

"என்ன ஹிராசே சான், உங்க மிஷினுக்கு மூச்சு வாங்குதா?" முன்னறையிலிருந்து முதலாளியம்மா இவாதாரேயின் குரல். "மொமோசே சான் கையால எழுதியே இந்நேரம் முடிச்சு, டீயும் குடிச்சிருப்பார்!"

"கடைசி ரீடிங்தாம்மா. இதோ முடிஞ்சுது."

மொமோசே. செத்து ஒரு வருஷமாகியும் அந்தப் பெயர்.

கேபிள் வருவதற்கு முன்னால் இந்த மேசையில் இரண்டு நாற்காலிகளுக்கும் வேலை இருந்தது. ஹிராசே மீட்டரைப் பார்த்து உரக்கப் படிப்பான். பக்கத்தில் மொமோசே எழுதிக்கொண்டு "சரி" என்பார். பழுது பார்த்தவன் ஹிராசே. திருகாணி திருகி விரல் தேய்ந்தவனும் அவனே. ஆனால் வாடிக்கையாளர்கள் கேட்டதெல்லாம், "மொமோசே சான் எழுதினதுதானே?" என்று. ஒரு கோடைகாலம் முழுக்க உட்கார்ந்து ஹிராசே இந்தக் கேபிளுக்கான புரோகிராமை எழுதினான். மீட்டரே படித்தது, மெஷினே எழுதியது. மொமோசே பெட்டி கட்டும் இடத்துக்குப் போனார். "நல்லதாப் போச்சு ஹிராசே சான், இனிமே எனக்குத் தோள் வலிக்காது" என்று அவர் சிரித்த சிரிப்பைக்கூட ஹிராசேயால் தாங்க முடியவில்லை.

வாசல் சுவரில் ஆணிகளில் பெயர்ப் பலகைகள் தொங்கின. உள்ளே வருபவர் தன் பலகையைக் கறுப்பு எழுத்துப் பக்கம் திருப்புவார். போகும்போது சிவப்பு எழுத்துப் பக்கம். தலைமைப் பரிசோதகருக்குரிய முதல் ஆணியில் மொமோசேயின் பலகை, இறந்த நாளிலிருந்து சிவப்பாகவே, இன்னும் தொங்கியது. இரண்டாவது ஆணியில் ஹிராசே. உயிரோடிருப்பவனுக்கு அந்த இடம்.

இன்று காலையில்தான் முதலாளியம்மா சொல்லியிருந்தார்: "சாயங்காலம் மீட்டர் குடுத்த கம்பெனி ஆள் வர்றதுக்குள்ள இதைக் குறையில்லாம முடிச்சுக் குடுங்க. பலகையை மாத்திடறேன்."

கடைசி ரீடிங், ஆயிரம் வோல்ட். சோர்ஸின் முகத்தில், தொட்டால் ஆபத்து என்று சொல்லும் சிவப்பு விளக்கு எரிந்தது. வோல்ட்மீட்டர் காட்டியது: 1000.31.

கூடாது. ஒரு வோல்ட்டில் நூறில் ஐந்து பங்குக்கு மேல் விலகக் கூடாது. திறந்து சரி செய்தால் ஒரு வாரம் ஆகும்.

அவன் புரோகிராமில் ஒரு வரி சேர்த்தான். அச்சாகப் போகும் எண் 1000.03. அனுப்பினான்.

ஒன்று. பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம். புள்ளி.

பிரிண்டர் நின்றது.

அந்த வரியை நீக்கிவிட்டு உண்மையான எண்ணை அனுப்பினான். நிதானமாக, முழுதாக அச்சானது. மறுபடி பொய்யை அனுப்பினான். புள்ளியில் நின்றது.

அந்த நிற்றல் அவனுக்குத் தெரிந்ததுதான். அந்தக் காலத்தில் மொமோசேயை மாட்டிவைக்க வேண்டுமென்றே ஓர் இலக்கத்தை மாற்றிப் படிப்பான். பென்சில் அந்தரத்தில் நிற்கும். மொமோசே நிமிர்ந்து பார்க்க மாட்டார். காட்டிக்கொடுக்கவும் மாட்டார். இவன் சரியாகப் படிக்கும்வரை காத்திருப்பார்.

வலிக்கு ஒட்டும் பட்டையின் கற்பூர நெடி வந்தது. மொமோசேயின் தோள்பட்டையில் எப்போதும் அடிக்கும் நெடி.

பக்கத்து நாற்காலியை அவன் பார்க்கவில்லை. பிரிண்டரின் பிளக்கைப் பிடுங்கினான். கேட்க ஆளில்லை என்று கம்ப்யூட்டர் உடனே சொல்ல வேண்டும். சொல்லவில்லை. புள்ளிக்குப் பக்கத்தில் மினுக்கிக்கொண்டே காத்திருந்தது.

வோல்ட்மீட்டரின் கேபிளையும் பிடுங்கினான். காத்திருந்தது.

பார்த்தான். நாற்காலியின் மெத்தை நடுவே குழிந்திருந்தது.

"எழுதுய்யா!" பயத்தைவிடப் பழையது ஒன்று அவன் தொண்டையைக் கிழித்தது. "ஒரு தடவையாவது நான் சொன்னதை எழுது!"

சிவப்பு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்த சோர்ஸின் பின்னால் இரண்டு கைகளையும் விட்டு, அகப்பட்ட ஒயரையெல்லாம் சேர்த்து இழுத்தான்.

அமைதி.

கெட்டில் முனகவில்லை. ஸ்டவ்வின் சூடு தெரியவில்லை. பென்சில் தாளில் உரசும் ஓசை மட்டும். மிக அருகில்.

கதவு நகர்ந்தது. முதலாளியம்மா தட்டில் ஒரே ஒரு டீயோடு வந்தார். முகத்தில் மலர்ச்சி.

"நீங்க மட்டுமா மொமோசே சான்? ஹிராசே சான் சொல்லாமக்கூடக் கிளம்பிட்டாரா?"

"இங்கதாம்மா இருக்கேன்" என்றான் ஹிராசே.

அவர் டீயைப் பக்கத்து நாற்காலிக்கு முன்னால் வைத்தார்.

"சொன்ன வாக்கை மட்டும் காப்பாத்திட்டேன்" என்று வாசல் பக்கம் பார்த்தார். அவனும் பார்த்தான்.

இரண்டாவது ஆணியில் மொமோசே. கறுப்பு எழுத்தில்.

முதல் ஆணியில் அவன் பெயர். சிவப்பில்.

"சரி" என்றது பக்கத்து நாற்காலி.