மூன்றாம் அட்டவணை மாத்திரை

மருந்து வரிசையில் யாரும் மருந்தைப் பற்றிப் பேசுவதில்லை. துறைமுகத்தெரு மருந்து மையத்தின் வாசலில் காலை ஒன்பது மணிக்கே நாற்பது பேர் நின்றார்கள். முன்னால் ஒருவர் பதினேழாம் வாய்ப்பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற வாத்தியார் பொன்னுராஜ், பழைய வகுப்பின் வருகைப்பதிவை மனசுக்குள் வாசித்தபடி நகர்ந்தார்.

ஜன்னலில் ஒரு பித்தளைத் தகடு இருந்தது. அதில் உள்ளங்கையை வைத்தால் வேட்கைமானியின் முள் எழும். மனிதர் எதற்கு மிகவும் ஏங்குகிறாரோ அதுவே போதைப்பொருள் என்பது புதுச் சட்டம். நோயாளி வர முடியாவிட்டால், வாங்க வருபவரின் ஏக்கத்தை அளப்பார்கள். நாற்பதைத் தாண்டினால் அவருக்கு மாத்திரை கிடையாது. மையத்தின் மாதச் சராசரியே நாற்பதைத் தாண்டிவிட்டால், அந்த மருந்து மூன்றாம் அட்டவணையிலிருந்து முதல் அட்டவணைக்குப் போய்விடும். பிறகு யாருக்குமே கிடையாது.

இன்று மாதக் கடைசி. சராசரி முப்பத்தொன்பதரை என்று பலகை காட்டியது.

பொன்னுராஜின் மனைவி செல்லக்கனிக்கு எலும்பில் புற்று. வலி மாத்திரை நேற்றே தீர்ந்துவிட்டது. அவர் கிளம்பும்போது அவள் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

எட்டு மாதத்துக்கு முன், முதல் தடவை வந்தபோது முள் முப்பத்தெட்டில் நின்று நடுங்கியது. பின்னால் நின்ற சங்கரபாகம்தான் அன்று வழி சொன்னார்.

"அண்ணாச்சி, வீட்டுக்காரிய நெனச்சுக்கிட்டு கைய வைக்காதீரும். யாரோ ஒருத்தி எங்கயோ கெடக்கான்னு நெனையும். உம்ம பாசத்துக்கு நாங்க அத்தன பேரும் துடிக்கணுமா?"

அன்றிலிருந்து பொன்னுராஜ் வீட்டிலேயே பழகினார். அவள் முனகும்போதெல்லாம், மனசைத் திருப்ப, பழைய வகுப்பின் வருகைப்பதிவை உள்ளுக்குள் வாசித்தார்.

இன்று கையை வைத்தார். முள் இரண்டில் நின்றது. ஜன்னலுக்குள் இருந்த லூர்துமேரி, கையெழுத்துப் போடாமல் நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணாச்சி, அக்கா இருக்காகளா?"

ஐந்துக்குக் கீழே காட்டினால் நோயாளி உயிரோடு இருப்பதைச் சரிபார்க்க வேண்டுமாம். செத்தவர் பேரில் வாங்கி விற்பவர்களுக்குத்தான் இப்படிக் காட்டும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். கையை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குக் காணொளி அழைப்புப் போட்டாள். திரையில் செல்லக்கனி வந்தாள். வலியில் வாய் கோணியிருந்தது.

"சீக்கிரம் வாங்களேன்," என்றாள்.

முள் அசையவில்லை. லூர்துமேரி அவர் முகத்தைப் பார்க்காமல் மாத்திரை அட்டையைத் தள்ளினாள்.

வீட்டில் வலி கொஞ்சம் அடங்கியதும் செல்லக்கனி கேட்டாள்.

"இன்னைக்கு எவ்வளவு காட்டுச்சு?"

"ரெண்டு."

அவள் முகம் மலர்ந்தது. நல்லாத்தான் பழகிட்டீக என்று மெச்சி, அவர் கையை இழுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். கன்னம் ஈரமாக இருந்தது. பொன்னுராஜுக்குள் வருகைப்பதிவு தானாகத் தொடங்கியது. நிறுத்தப் பார்த்தார். அந்தோணிராஜ் உள்ளேன் ஐயா என்றான். அருணாசலமும் உள்ளேன் ஐயா என்றான். அது நிற்கவில்லை.