துள்ளாத கோடு

வியாழன், பிற்பகல் 3.40. ஜெயங்கொண்டத்தைத் தாண்டி முந்திரிக்காட்டுக்கு நடுவே இருக்கும் விண்வெளி ஆய்வு நிலையத்தில் ஒரு பழைய பதிவேடு காணோம்.

இரண்டு நாள் திருவிழா பந்தோபஸ்து பார்த்துவிட்டுக் கண் எரிய வந்து இறங்கினார் இன்ஸ்பெக்டர் சிந்தாமணி. போயும் போயும் ஒரு நோட்டுக்கா என்று எரிச்சல் வேறு.

இயக்குநர் குருமூர்த்திக்கு நாளையோடு ஓய்வு. பதிவேடுகளை எல்லாம் நாளை ஒப்படைத்தாக வேண்டும்.

"மத்தியானம் பன்னெண்டுக்கு கருவி ரூம் மேல்தட்டுல இருந்துச்சு. மூணு மணிக்குப் போனா இல்ல. பூட்டு உடையல. சாவி ரெண்டுதான். ஒண்ணு எங்கிட்ட, இன்னொண்ணு வாட்ச்மேன் அரியமுத்துகிட்ட."

அரியமுத்து வாசலில் உட்கார்ந்திருந்தார். வலது காலில் தொடையிலிருந்து பாதம் வரை இரும்புச் சட்டம்.

"நான் எடுக்கலம்மா. அடுத்த மாசம் எனக்கும் ரிட்டயர்மென்ட். திருட்டுப் பட்டத்தோடயா வூட்டுக்குப் போவேன்?"

சிந்தாமணி கருவி அறையை நோக்கி நடந்தார்.

"அம்மா, துப்பாக்கியோட போவாதீங்க! கோடு துள்ளிடும்!" என்று கத்தினார் அரியமுத்து.

அந்த அறைக் கருவி பூமியின் காந்தப்புலத்தை அளக்கிறது. சூரியப் புயல் அடித்தால் ஆபீஸ் திரையில் ஓடும் கோடு துள்ளும். இரும்பு பக்கத்தில் வந்தாலும் துள்ளும். அதனால் சாவிகூடப் பித்தளை. வாட்ச், பெல்ட் எல்லாம் வெளியே மரத்தட்டில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள்.

4.05. ஆபீஸ். அரியமுத்துவும் வந்து நின்றார்.

"பன்னெண்டுலேர்ந்து மூணு வரைக்கும் காட்டுங்க," என்றார் சிந்தாமணி.

கோடு துள்ளவே இல்லை.

"இரும்போட யாரும் போகல. அப்ப அரியமுத்து இல்ல."

"சட்டத்தைக் கழட்டிட்டுப் போயிருக்கலாமே?" என்றார் குருமூர்த்தி.

"கழட்டினா அவரால நிக்க முடியாது. நோட்டு மேல்தட்டுலன்னு நீங்கதான சொன்னீங்க? மிச்சமிருக்கிற சாவி உங்ககிட்டதான். திருடப் போறப்பவும் பழக்கதோஷம், வாட்ச்சைக் கழட்டி வெச்சிருக்கீங்க சார். கட்டிக்கிட்டே போயிருந்தா கோடு துள்ளியிருக்கும், இவரு மாட்டியிருப்பாரு."

குருமூர்த்தி மேஜை டிராயரைத் திறந்து பதிவேட்டை எடுத்து வைத்தார். பக்கமெல்லாம் அந்நாளில் அளவு குறித்துவந்த அரியமுத்துவின் கையெழுத்து. ஒரு பெரிய சூரியப் புயலுக்கு முன்னால் கோட்டில் வந்த சின்ன நடுக்கத்தை முதலில் கண்டு எழுதியது அவர். கட்டுரை போட்டுப் பேர் வாங்கி இயக்குநரானது குருமூர்த்தி. அடுத்த வருடமே சிமெண்ட் லாரி மோதி அரியமுத்துவின் கால் விளங்காமல் போனது, வாசலுக்கு மாற்றிவிட்டார்கள். இனி பதிவேடுகள் எல்லாம் இணையத்தில் ஏறப் போகின்றன, முதலில் கண்டது யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

"பழக்கதோஷம் இல்லம்மா," என்றார் குருமூர்த்தி களைத்த குரலில். "தெரிஞ்சுதான் கழட்டினேன். அந்தக் கோடு முப்பத்தஞ்சு வருஷ ரெக்கார்டு. அதைக் கெடுக்க மனசு வரல."

அரியமுத்து கையெழுத்தைத் தடவிப் பார்த்தார்.

"நானும் அதுக்காகத்தான் இத்தன வருஷமா அந்த ரூம் பக்கமே போவல சார். ரெக்கார்டு கெடக்கூடாது. என் பேரு கெட்டா மட்டும் உங்களுக்குப் பரவால்லயா?"

குருமூர்த்தி வாட்ச்சைத் திருகிக்கொண்டே தரையைப் பார்த்தார்.