பேரிடி படியில் கிடந்தான்

டெலிபோன் அலறியது.

பல் துலக்கிக்கொண்டிருந்த மசி வாயில் நுரையோடு எடுத்தாள். இருபது வருடமாகப் படக்கதை வரைகிற அவளுக்கு ஆபீஸில் வைத்த பெயர் அது.

"மசி... கதாசிரியர் போயிட்டார்."

முதலாளியின் குரல்.

"எங்க?"

"மேல. ஆபீஸ் மாடிப்படியில கிடக்கறார். போலீஸ் வந்திருக்கு."

வாயைக் கழுவிவிட்டு ஆபீஸுக்கு ஓடினாள்.

மாடிப்படியில் தலைகீழாகக் கிடந்தார் கதாசிரியர். பின்மண்டையில் அடி. கையில் ஒரு முகமூடி. கிட்டத்தட்ட அவள் வரைந்த அட்டைப்படம்... படைத்தலைவன் பேரிடியின் சாவு!

குழந்தைகள் கொண்டாடிய 'ஐவர் படை' படக்கதை விற்பனையில் படுத்துவிட்டது. தலைவனைக் கொல்லு, மிச்ச நாலு பேரும் ஒருத்தனை ஒருத்தன் வெட்டிச் சாகட்டும், ரத்தம் பக்கத்துக்குப் பக்கம் ஒழுகட்டும் என்பது முதலாளியின் கட்டளை. எழுத உட்கார்ந்தார் கதாசிரியர். அட்டையை வரைந்துவிட்டும் மனம் பொறுக்காத மசி, என் பிள்ளைகளை நீ கொன்றால் உன்னை நான் கொல்வேன் என்று நேற்று ஆபீஸ் அதிரக் கத்தியிருந்தாள்.

அது இன்ஸ்பெக்டர் காதுக்கு வந்திருந்தது. பிணம் தன் அட்டைப்படம் போலவே கிடக்கிறது என்று மசியே வாய்விட்டுச் சொல்லியிருந்தாள்.

"படம் உங்களுது. பொணமும் உங்களுதாம்மா?"

"இல்லை சார்."

"அட்டையை வேற யார் பார்த்தா?"

வரைந்தவளும் எழுதியவரும் தவிர யாருமில்லை என்று முந்திக்கொண்டு சொன்னார் முதலாளி. தன் கண்ணில் அது படவே இல்லையாம். அவளிடம் வாங்கிப் பார்க்கவே பயமாம். இருபது வருடம் சோறு போட்ட கைக்கு இதுவா கூலி என்று மூக்கைச் சிந்தினார்.

கைவிலங்கு மேஜைமேல் வந்து உட்கார்ந்தது.

மசி தன் மேஜைக்குப் போனாள். பூட்டியிருந்த இழுப்பறையைத் திறந்து அட்டைப்படத்தை எடுத்து விரித்தாள்.

முதலாளி எட்டிப் பார்த்தார். துள்ளினார்.

"சார், ஏமாத்தறா! இது வேற படம். முகமூடி இடது கையில இருந்துச்சு. பொணத்தைப் பாருங்க, இடது கை. தப்பிக்கறதுக்காக மாத்தி வரைஞ்சிருக்கா!"

படத்தில் முகமூடி வலது கையில் இருந்தது.

இன்ஸ்பெக்டர் முதலாளி பக்கம் திரும்பினார்.

"நீங்கதான் அட்டையைப் பார்க்கவே இல்லையே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

மசி தாளைத் திருப்பிப் பின்பக்கமாக ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். முகமூடி இடது கைக்கு மாறியது!

"முதலாளி ஒரு காலத்துல ஓவியர். எந்தப் படத்தையும் இப்படித்தான் பார்ப்பார். கோணல் இருந்தா பின்பக்கம்தான் பளிச்சுனு தெரியும். நேத்து பூட்டைத் திறந்து பார்த்திருக்கார். முன்பக்கம் திருப்ப மறந்து, பின்பக்கம் பார்த்தபடியே பொணத்தைக் கிடத்திட்டார்."

முதலாளியின் முகம் வெளுத்தது. பிறகு கறுத்தது.

"அஞ்சு பேரையும் உயிரோட விட்டுடலாம்னு வந்து நின்னான், கோழை. மசி அழறாளாம்... அவனுக்குத் தாங்கலையாம். யாருக்குய்யா வேணும் நல்லவன் கதை? நிஜப் பொணம் விழுந்தா ஊரே வாங்கும்!"

மசி கதாசிரியரின் காலி நாற்காலியைப் பார்த்தாள். தன்னோடு மல்லுக்கு நின்ற மனுஷன், தனக்காகச் செத்திருக்கிறான்.

விலங்கு இடம் மாறியது. வாசலில் திரும்பிய முதலாளி உறுமினார்.

"புத்தகம் நிக்கக் கூடாதுடி. வந்தாகணும்."

மசி கண்ணைத் துடைத்துக்கொண்டு பென்சிலைச் சீவினாள்.

"வரும் சார். வில்லனுக்குத்தான் மூஞ்சி கிடைக்காமத் தவிச்சுக்கிட்டிருந்தேன். கொஞ்சம் அசையாம நில்லுங்க."