சிவப்பு நூல் கட்டிய இடம்

இந்தக் காலத்து ஆட்களுக்குக் கண்ணெதிரே ஓடுகிற ஆற்றைப் பார்க்கத் தெரியாது. பெட்டி சொன்னால் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு நம்புவார்கள். தோணிக்கார ஐயம்பெருமாளுக்கு இதை நினைத்தாலே வயிறு எரியும்.

அவர் நாற்பது வருசமாக ஏரல் துறையில் தோணி விடுகிறார். தண்ணீரோரம் ஒரு கம்பை நட்டு வைத்திருப்பார். கம்பில் ஈரம் ஏறினால் வெள்ளம் ஏறுகிறது, இறங்கினால் வடிகிறது. அவருக்குத் தெரிந்த படிப்பு அவ்வளவுதான்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதின்மூன்றாம் வருசம், ஐப்பசி மாதம். மூன்று நாளாக மழை விடவில்லை. வானம் பகலிலேயே கருத்துக் கிடந்தது. தந்திக் கம்பங்கள் சாய்ந்துவிட்டன. அக்கரை மணல்திட்டில் பதினோரு பேர் தோணிக்காக நனைந்துகொண்டு நின்றார்கள். அவர்களில் ஒருத்தி ஐயம்பெருமாளின் மகள் உலகம்மாள். அவள் இடுப்பில் கைக்குழந்தை.

கம்பில் தண்ணீர் இரண்டு விரல் இறங்கியிருந்தது. ஆனாலும் ஊர்க்காரர்கள் அவரைப் போகவிடவில்லை. "கொஞ்சம் பொறும் அண்ணாச்சி, பெட்டி என்ன சொல்லுதுன்னு பாப்போம்" என்று பிடித்து வைத்திருந்தார்கள்.

பெட்டி துறைச் சாவடியில் இருந்தது. பாளையங்கோட்டை வாத்தியார் நேசையா செய்த கம்பியில்லாத் தந்தி அது. இங்கே இருப்பது கேட்கிற பெட்டி. அனுப்புகிற பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு, ஆறு மைல் மேலே இருக்கிற அணைக்கட்டுக்கு வாத்தியார் போயிருந்தார். நீளமாக இரண்டு சத்தம் வந்தால் பயமில்லை. குட்டையாக மூன்று வந்தால் புது வெள்ளம் வருகிறது.

"கம்பி இருக்கையிலேயே தந்தி ஒழுங்கா வராது. கம்பியில்லாம வருமாம்லா" என்று ஐயம்பெருமாள் காறித் துப்பினார்.

பெட்டிக்கு முன்னால் வாத்தியாரின் உதவியாள் கிருபைராஜ் காதில் குழலை வைத்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் வாத்தியாரின் மகள் சாலோமி. பதினோரு வயசு.

வானத்தில் அடுத்தடுத்து இரண்டு மின்னல் வெட்டியது. கிருபைராஜ் துள்ளி எழுந்தான்.

"கேட்டுட்டு. நீளமா ரெண்டு. அண்ணாச்சி, நீங்க போகலாம்."

"அண்ணே, இப்போ ரெண்டு தடவை மின்னிச்சு. அதுதான் உங்க காதுல கேட்டிருக்கு" என்றாள் சாலோமி.

"எனக்குச் சத்தம் தெரியாதாக்கும்?"

சாலோமி குழலை வாங்கி ஐயம்பெருமாளின் காதில் வைத்தாள். "பாட்டையா, நீங்களே கேளுங்க."

"சோளம் பொரிக்க மாதிரிக் கிடக்கு" என்றார் அவர். மறுபடியும் மின்னியது. குழலுக்குள் கரகரவென்று இழுத்தது. அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. குழலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, துடுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றுக்கு நடந்தார். பெட்டி சொன்னதற்காக இல்லை. கம்பு சொன்னதற்காக.

சாலோமி பெட்டிமேல் இருந்த கம்பிச்சுருளைப் பார்த்தாள். சுருளின்மேல் ஒரு பித்தளை நாக்கு நகரும். அது நிற்கிற இடத்தைப் பொறுத்துத்தான் பெட்டிக்குக் காது கேட்கும். கொஞ்சம் தள்ளி ஒரு சுற்றில் சிவப்பு நூல் கட்டியிருந்தது.

"அதைத் தொடாதே. சார் வச்ச இடம்" என்றான் கிருபைராஜ்.

"இந்த இடத்தை இடி கெடுத்துட்டுது அண்ணே. அப்படி ஆனா செவப்பு நூலுக்கு மாறிக்கிடுவோம்னு நானும் அப்பாவும் பேசி வச்சிருக்கோம். அப்பா பெட்டியிலயும் அதே சுத்துல நூல் கட்டியிருக்கு."

"பிள்ளை விளையாட்டுன்னுல்லா நினைச்சேன்."

அவன் சொல்லி முடிப்பதற்குள் அவள் நாக்கை நகர்த்திவிட்டாள். இடிச்சத்தம் அங்கேயும் இருந்தது. ஆனால் மெலிந்து, தூரத்தில் கேட்டது. அதற்கு நடுவே, ஊசியால் குத்துவதுபோல் மூன்று சத்தம். குட்டையாக. நின்றது. மறுபடியும் மூன்று. மறுபடியும்.

அப்பா எவ்வளவு நேரமாக இதை அனுப்பிக்கொண்டிருக்கிறாரோ.

சாலோமி மழையில் ஓடினாள். ஐயம்பெருமாள் தோணியின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"பாட்டையா, போகாதீங்க. புதுத் தண்ணி வருது."

"கொஞ்சம் முந்தி வரலைன்னுது. இப்போ வருதுங்குது. பெட்டிக்குக் கிறுக்கா, உனக்குக் கிறுக்கா?"

"முதல்ல கேட்டது இடி. இது அப்பா."

"கம்பைப் பாரு. தண்ணி இறங்கிக்கிட்டிருக்கு. அங்கன என் மகள் நிக்கா."

"அதுக்குத்தான் சொல்லுதேன்."

"தள்ளு பிள்ளே."

சாலோமி தள்ளவில்லை. தோணிக்குள் ஏறி, நடுப்பலகையில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இப்போ என்ன செய்யுதே?"

"தண்ணி வராதுன்னு சொல்லுதீங்கள்லா. அப்போ நானும் வாரேன்."

ஐயம்பெருமாளின் கை கயிற்றிலேயே நின்றது. ஊரார் பிள்ளை. அப்பன் பக்கத்தில் இல்லை. தன் கம்பை நம்பித் தன் உயிரை ஆற்றில் விடலாம். இந்தப் பிள்ளையை விட முடியுமா?

"இறங்கு."

"மாட்டேன்."

"வாத்தியார் மகள்னா வாய்க்கொழுப்பு இப்படித்தான் இருக்கும்" என்று திட்டிக்கொண்டே தலைத்துண்டை அவிழ்த்துத் துடுப்பு நுனியில் கட்டினார். உயரத் தூக்கி ஆட்டினார். தோணி இப்போது வராது, மேடேறுங்கள் என்று அதற்கு அர்த்தம். அக்கரையில் உலகம்மாள் குழந்தையோடு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு எல்லோரும் முதுகைக் காட்டி மேட்டில் ஏறினார்கள். மகள் அழுகிறாளா என்று இவ்வளவு தூரத்தில் தெரியவில்லை.

கடைசி ஆள் மேடேறிய கையோடு, மேற்கே ஆறு உறுமியது.

ஐயம்பெருமாள் சாலோமியை இடுப்போடு வாரித் தூக்கிக்கொண்டு கரையில் ஏறினார். வேரோடு மரங்களையும், ஒரு கூரையையும், செத்த மாடு ஒன்றையும் உருட்டிக்கொண்டு செம்மண் தண்ணீர் வந்தது. மணல்திட்டு மறைந்தது. கம்பு போனது. தோணி கயிற்றை அறுத்துக்கொண்டு சுழன்றது. ஒரு மரம் இடித்ததும் இரண்டாகப் பிளந்தது.

அவர் பலகைகள் போவதையே பார்த்துக்கொண்டு நின்றார். மழை பெய்துகொண்டே இருந்தது.

கிருபைராஜ் மூச்சிரைக்க ஓடி வந்தான். "பாத்தீங்களா அண்ணாச்சி? பெட்டி சொன்னது சரியாப் போச்சு."

"பெட்டி சொல்லித்தான் நீரு என்னைப் போகச் சொன்னீரு வே."

கிருபைராஜ் நனைந்த தலையைத் துடைத்துக்கொண்டான்.

"நான் நின்னது இந்தப் பிள்ளை ஏறி உக்காந்ததால. இடிக்கு நடுவுல அப்பன் குரல் கேக்குதாம், நூலு கட்டினா." ஐயம்பெருமாள் ஈரத்துண்டைப் பிழிந்து தலையில் கட்டினார்.

"பாட்டையா, எங்க போறீங்க?" என்று கேட்டாள் சாலோமி.

"அணைக்கட்டுப் பாலத்தைச் சுத்தித்தான் அக்கரைக்குப் போகணும். மகளைப் பாக்கணும்."

"தண்ணி வடியுதான்னு பெட்டியில கேட்டுச் சொல்லட்டுமா?"

"ஒண்ணும் கேக்க வேண்டாம். நான் போய்ப் பாத்துக்கிடுதேன்."

துடுப்பை ஊன்றிக்கொண்டு, கம்பிகள் அறுந்து தொங்கிய தந்திக் கம்பங்களின் ஓரமாக அவர் மேற்கே நடந்தார். ஆறு மைல். ஒரு தடவையும் சாவடிப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.