கேடயத்தோடு நின்ற இருவர்

“திருட நெனச்சிருந்தா பானையோட கொண்டு குடுப்பாவளா, ஐயா?” என்று கேட்டாள் முத்துக்கனி.

1933-ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். தோவாளையில் முத்துநாயகத்தின் தோப்பில் தென்னைக்குக் குழி வெட்டிய அவள் கணவன் வைகுண்டராஜன், பழைய ரோமானிய வெள்ளிக்காசுப் பானையொன்றைக் கண்டெடுத்து முதலாளியிடமே ஒப்படைத்தான். சர்க்கார் அதிகாரி வந்து முப்பது காசுகளை எண்ணி, முத்துநாயகத்தின் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார். மறுநாள் இரண்டைக் காணோம். காவலுக்கு இருந்தவன் வைகுண்டராஜன் என்பதால் போலீஸார் அவனைக் கொண்டுபோய் இரண்டு நாளாகிறது.

அவள் சொன்னதைக் கேட்ட ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் யேசுரத்தினம் சட்டையை மாட்டிக்கொண்டு அவளோடு புறப்பட்டார். சரித்திர வாத்தியார் ததேயுஸ் அழைக்காமலே கூட வந்தார். ரோமானியக் காசு ஒன்றைக் கையில் தொட்டுவிட வேண்டுமென்பது அவருடைய வெகுநாள் ஆசை.

முத்துநாயகம் தம் வீட்டுத் திண்ணையில் துணி மூட்டையை அவிழ்த்தார். காசுகள் கறுத்து, மண்ணேறிக் கிடந்தன. ஒன்று மட்டும் பளபளத்தது. அதிகாரி எல்லார் முன்னும் புளியிட்டுத் தேய்த்தது.

“திபேரியுஸ் சக்கரவர்த்தி!” என்றார் ததேயுஸ். “மறுபக்கம் பாருங்கள், கையில் கிளையோடு உட்கார்ந்திருக்கும் பெண்.”

“போனது இதைவிட ஒசத்தி,” என்று பெருமூச்சு விட்டார் முத்துநாயகம். “ரெண்டு பயக்க நிக்கானுவ. நடுவில கேடயமும் ஈட்டியும். ரெண்டு காசிலயும் அதேதான்.”

ததேயுஸ் துள்ளினார். “அகுஸ்துஸின் காசு! அவருடைய பேரன்மார் அவர்கள்!”

யேசுரத்தினம் நிதானமாகக் கேட்டார்: “அதிகாரி எத்தனை காசைத் தேய்த்தார்?”

“இந்த ஒண்ணத்தான். மத்ததெல்லாம் மண்ணோட எண்ணி வச்சாரு.”

யேசுரத்தினம் ஒரு கறுத்த காசை எடுத்து முத்துநாயகத்தின் உள்ளங்கையில் வைத்தார். “இதில் என்ன உருவம்?”

முத்துநாயகம் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தெரியாதல்லவா? காணாமல்போன காசில் மட்டும் ஈட்டிவரை எப்படித் தெரிந்தது? எண்ணி வைத்த பிறகு அவற்றைத் தேய்த்துப் பார்த்திருக்கிறீர். வைகுண்டராஜன் எடுத்திருந்தால் உம்மிடமா கொண்டுவந்து காட்டுவான்?”

முத்துநாயகம் உள்ளே போய் ஒரு சிறு பொதியோடு திரும்பினார். “எல்லாத்தையும் சர்க்கார் கொண்டு போயிருமே. எம் மண்ணுல கெடந்ததாச்சே...”

சற்றுமுன் துள்ளியதை நினைத்து ததேயுஸுக்கு உடம்பு கூசியது.

“காசு கெடச்சாச்சே, இனி என்ன கேசு?” என்றார் போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டர். முத்துநாயகத்தை யாரும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. வைகுண்டராஜனை வெளியே விட்டார்கள். அவனுடைய வலதுகை விரல்கள் வீங்கியிருந்தன. மேசைமேல் அவன் கைநாட்டு வைத்த வாக்குமூலம் கிடந்தது.

“அதுல என்ன எழுதியிருக்கு, ஐயா?” என்று கேட்டாள் முத்துக்கனி.

யேசுரத்தினம் படித்தார். ‘காசைத் திருடி ஒளித்தவள் என் மனைவி முத்துக்கனி.’ தாளை மடித்தார்.

“ஒன்றுமில்லையம்மா.”

“உம் பேரத்தான் சொன்னேன்,” என்றான் வைகுண்டராஜன், தரையைப் பார்த்தபடி. “அடி தாங்க முடியல்ல.”

முத்துக்கனி அவனுடைய விரல்களை வெகுநேரம் பார்த்து நின்றாள். பிறகு படியிறங்கி நடந்தாள். அவன் பத்தடி தள்ளிப் பின்தொடர்ந்தான். பாதை திரும்பும்வரை ததேயுஸ் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஒருமுறைகூட நிற்கவில்லை.