பன்னிரண்டாம் கட்டிலில் யார் ரத்தம்?

டெலிபோன் அலறியது.

காலை ஆறு ஐம்பது. மலேசியாவில், சுங்கை பட்டாணியில் ஒரு தனியார் மருத்துவமனை. அதன் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் உமாராணி அப்போதுதான் கையுறையை மாட்டியிருந்தாள்.

"உமா, வார்டுலேர்ந்து மிஸ்ஸி தேவகி பேசறேன். பன்னெண்டாம் கட்டில் போயிட்டாரு."

"யாரு... ஹெர்பர்ட் அங்கிளா?"

"ஆமா. விடியக்காலைல."

உமாராணி கையுறையைக் கழற்றினாள்.

இருக்கவே முடியாது...

ஹெர்பர்ட், வயது அறுபத்து நான்கு. எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்று, பாக்கார் ஆராங்கில் வீடு வாங்கி வந்தவர். எட்டு நாள் முன்பு மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்துக் குளியலறையில் விழுந்தார். ஆபரேஷன் செய்து பிழைக்க வைத்தார்கள்.

ஆனால் இந்த நோயில் ஒரு சனியன் உண்டு. முதல் வெடிப்பில் தப்பியவனைச் சில நாள் கழித்துக் காவு வாங்கும்! மூளையின் ரத்தக்குழாய்கள் தாமாகவே சுருங்க ஆரம்பிக்கும். யாருக்குச் சுருங்கும், யாருக்குச் சுருங்காது?

டாக்டர் மனோகரன் அதை ரத்தத்தில் முன்கூட்டியே பார்ப்பார். தினமும் காலையில் ஒரு ட்யூப். இரண்டு வகை வெள்ளை அணுக்களை எண்ணி, ஒன்றை மற்றதால் வகுத்தால் ஓர் எண் வரும். ஆறுக்கு மேல் போனால் ஐசியூவிலேயே வைத்துக் கண்கொட்டாமல் பார்க்க வேண்டும். கீழே இருந்தால் வார்டுக்கு அனுப்பலாம்.

ஹெர்பர்ட்டுக்கு முதல் மூன்று நாள் ஐந்து, ஏழு, ஒன்பது.

நாலாம் நாள்... இரண்டு!

ஐந்தாம் நாளும் ஆறாம் நாளும் இரண்டுதான். தன் மருந்து வேலை செய்கிறது என்று டாக்டர் முகமெல்லாம் பல்லாக அவரை வார்டுக்கு மாற்றினார். வார்டில் தினமும் ரத்தம் எடுப்பதில்லை.

அந்த மூன்று ரிசல்ட்டிலும் இருந்தது உமாராணியின் கையெழுத்து.

கூடத்தின் தலைவர் சுகுமாரன் ஏழரைக்குக் கூப்பிட்டார். மெஷின் தப்பா, உன் தப்பா, பன்னிரண்டு மணிக்குள் எழுதிக் கொடு என்றார். எது தப்பாக முடியும் என்று அவளுக்கே தெரியும். மெஷினை வேலையை விட்டுத் தூக்க முடியாது. அவளைத் தூக்கலாம்.

நாலாம் நாள் ரிசல்ட்டைத் திரையில் மறுபடி திறந்தாள்.

ஓரத்தில் ஒரு சிவப்புக் கொடி!

முந்தைய ரிசல்ட்டோடு ஒத்துப்போகவில்லை என்று மெஷின் அன்றைக்கே கத்தியிருந்தது. புது மருந்துநீர் ஊற்றியதிலிருந்து அது கண்டதற்கெல்லாம் கத்தியது. இதுவும் அப்படித்தான் என்று உமாராணி பொத்தானை அழுத்தி அனுப்பிவிட்டாள். ஒரே ஒரு தடவை.

எதற்காகக் கத்தியது? வெள்ளை அணுக்களைத் தாண்டி, டாக்டர் பார்க்காத கீழ் வரிக்குப் போனாள்.

சிவப்பு அணுவின் அளவு. முதல் மூன்று நாள் தொண்ணூற்று ஒன்று. அடுத்த மூன்று நாள் அறுபத்து மூன்று.

சிவப்பு அணு ஒரே ராத்திரியில் சுருங்காது. எந்த மருந்துக்கும் சுருங்காது.

அது ஹெர்பர்ட்டின் ரத்தமே இல்லை!

அவள் காட்டியதும் சுகுமாரன் போலீசுக்குப் போன் செய்தார். ஒன்பது மணிக்கு இன்ஸ்பெக்டர் சசிதரன் வந்தார். பிணத்தை யாரும் தொடக்கூடாது என்று முதலில் சொல்லிவிட்டு, பிறகு நாற்காலியைத் தேடினார்.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லும்மா."

"பிறவியிலேயே சிலருக்குச் சிவப்பு அணு சின்னதா இருக்கும் துவான். தலசீமியா. ஃபார்ம் ஃபோர்ல பள்ளிக்கூடத்துல டெஸ்ட் எடுப்பாங்களே, அது. நோயில்ல, அவங்க பாட்டுக்கு நல்லாத்தான் இருப்பாங்க. அப்படிப்பட்ட ஒருத்தரோட ரத்தம்தான் அந்த ட்யூப்ல இருந்திருக்கு."

"ட்யூபை யாரு தொட்டா?"

தொட்டது ரத்தம் எடுக்கும் பிரெடி. நாற்பத்தாறு வயது, தேவாலயத்தில் பாட்டுக் குழு, எறும்பை மிதித்தாலும் மன்னிப்புக் கேட்கிற ஆள். சசிதரன் ஒரு முறைதான் முறைத்தார். பிரெடி பொலபொலவென்று உதிர்த்துவிட்டார்.

நாலாம் நாள் ஹெர்பர்ட்டின் கையில் நரம்பே கிடைக்கவில்லை. நான்கு தடவை குத்தினார். முகம் துடைக்க வந்திருந்த மனைவி பிரிஜெட் ஓவென்று அழுதார். கட்டிலைச் சுற்றித் திரை மூடியிருந்தது. இன்னும் பதினைந்து பேருக்கு எடுக்க வேண்டும்...

"ஆன்டி கைய நீட்டிட்டாங்க சார். புருஷன் பொண்டாட்டி ஒரே ஒடம்புன்னு ஃபாதரே சொல்லியிருக்காரு, என்கிட்ட எடுத்துக்கோன்னாங்க. கெசியானா, பாவமா இருந்துச்சு. சும்மா கவுண்ட் டெஸ்ட்தானேன்னு எடுத்துட்டேன். அப்புறம் ரெண்டு நாளும் அப்படியே..."

"உன் தலையில என்னய்யா இருக்கு?" என்றார் சசிதரன்.

பிரிஜெட்டை அழைத்து வந்தார்கள். அறுபது வயது, ஒல்லி உடம்பு, விரலில் ஜெபமாலை. சசிதரன் கேட்டதும் வலது காதைத் திருப்பிக் கேட்டார். பிறகு நிதானமாக எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். அவருக்கு வலிக்கக்கூடாது, அந்த ஊசியை நான் வாங்கிக்கொள்கிறேன் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டாராம். படிக்காத பொம்பளை, இதனால் உயிர் போகும் என்று எனக்கென்ன தெரியும் என்றார்.

உமாராணி அங்கேயே அவர் ரத்தத்தை எடுத்து மெஷினில் போட்டாள்.

அறுபத்து மூன்று.

சசிதரன் நோட்டை மூடினார். பாவம், புருஷன் மேல் வைத்த பாசமே புருஷனைக் கொன்றுவிட்டது என்றார்.

உமாராணிக்கு மட்டும் என்னவோ உறுத்தியது.

"பிரெடி அண்ணே, ரத்தம் எடுத்ததும் ட்யூபை நீங்கதான பிரட்டினீங்க?"

"இல்லலா. நான் பஞ்சு எடுக்கத் திரும்பினேன். ஆன்டியே எட்டுத் தடவ மெதுவாப் பிரட்டிக் குடுத்தாங்க. மூணு நாளும்."

உமாராணி பிரிஜெட்டின் கைகளைப் பார்த்தாள்.

ஊதா மூடி ட்யூபைக் குலுக்கக்கூடாது. மெதுவாக எட்டுத் தடவை தலைகீழாகப் பிரட்ட வேண்டும். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் அது கையோடு வரும்.

"ஆன்டி... எங்க வேலை செஞ்சீங்க?"

பிரிஜெட் ஜெபமாலையை மடியில் வைத்தார்.

"எஸ்டேட் கிளினிக்ல. மருந்து குடுத்துக் கட்டுப் போடற டிரஸ்ஸருக்கு உதவியா இருபத்திரண்டு வருஷம். கடைசி காலத்துல ரத்தம் எடுத்து டவுன் லேபுக்கு அனுப்புறதும் நான்தான். கிளினிக்லயே மைக்ராஸ்கோப்ல வெள்ளை அணு எண்ணுவேன்மா. சிவப்ப அளக்குற மெஷினு எங்களுக்கு ஏது?"

மூன்றாம் நாள் மாலை டாக்டர் மனோகரன் அவரை உட்கார வைத்து, ஆறு என்ற கோட்டைப் படம் போட்டு விளக்கியிருந்தார். தன் எண் அதற்குக் கீழேதான் இருக்கும் என்று தெரிந்தே மறுநாள் காலை பிரிஜெட் கையை நீட்டிவிட்டார்.

கதவோரம் நின்ற வார்டு நர்ஸ் தேவகி அப்போதுதான் வாயைத் திறந்தாள். நேற்று மதியமே ஹெர்பர்ட்டுக்குப் பேச்சு குழறியிருக்கிறது. பக்கத்துக் கட்டில்காரர் சொன்னார். அவள் பார்க்கப் போனபோது, இப்போதுதான் தூங்கினார், எழுப்பாதே மிஸ்ஸி என்று பிரிஜெட் தடுத்திருக்கிறார்.

"ஏம்மா?" என்றார் சசிதரன்.

பிரிஜெட் மறுபடி வலது காதைத் திருப்பினார்.

"இந்தப் பக்கம் கேளுங்க துவான். எடது காது எம் பொண்ணு அமண்டா வயித்துல இருக்கறப்ப போச்சு. அவரு விட்ட ஒரே அறை. அப்புறம் மணிக்கட்டு, ரெண்டு விலா எலும்பு. முப்பத்தாறு வருஷம். கிளினிக் புக்குல ஒவ்வொரு தடவையும் என் கையாலயே எழுதினேன், பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன்னு."

சிரித்தார். பல் தெரியாத சிரிப்பு.

"இந்தத் தடவ நெசமாவே ஒருத்தரு பாத்ரூம்ல விழுந்தாரு. பொழைச்சு வீட்டுக்கு வந்தா மறுபடி யாரு விழுறது?"

சசிதரனோடு வந்திருந்த பெண் போலீஸ் அவர் தோளைத் தொட்டாள்.

உமாராணி மேசைக்குப் போய் எழுத உட்கார்ந்தாள். சிவப்புக் கொடியைப் பார்த்தும் பொத்தானை அழுத்தியது நான்தான் என்று முதல் வரியிலேயே எழுதினாள். கொலையைக் கண்டுபிடித்தவளுக்கும் மெமோ உண்டு. கெட்டிக்காரத்தனத்துக்குத் தள்ளுபடி கிடையாது.

வாசலில் பிரிஜெட் நின்றார். ரவிக்கைக் கையை மேலே தள்ளி, முழங்கை மடிப்பில் கறுத்திருந்த மூன்று ஊசிப் புள்ளிகளைச் சசிதரனிடம் காட்டினார்.

"பாத்தீங்களா துவான்? கடைசியிலயும் குத்து வாங்கினது நான்தான்!"