நாடிக்கட்டு

கிருஷிகாவின் வாய் ஓயாது. மன்னாரிலிருந்து தலைமன்னார்த் துறையடி வரைக்கும் காரில் போனைக் காதில் வைத்தபடியே வந்தாள். சொந்தக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரே அழைப்பு: "ஆவணி பதினெட்டு. கட்டாயம் வாங்கோ." மாப்பிள்ளை கோகுலன், நானாட்டானில் அவள் வீட்டுக்குப் பக்கத்துத் தெரு.

"தாலி கட்டேக்கயாவது வாயை மூடுவியாடி?" என்று கேட்டேன்.

"ஐயர் சொன்னால் பாப்பம் அக்கா."

நான் அன்ரோனெற். மன்னார் டவுனில் மணப்பெண் அலங்காரம் செய்கிறேன். கிருஷிகா என்னிடம் வேலை பழகியவள். இணையத்தில் ஒரு போட்டி வந்திருந்தது: நூறு வருசத்துக்கு முந்திய நாகரிகப் பெண்ணின் முகத்தை இன்றைய மேக்கப் சாமான்களால் திருப்பிக் கொண்டுவர வேண்டும். நூல் போலப் புருவம், மை தீட்டிக் கருத்த கண், சின்னஞ்சிறு வாய். எப்படியும் வெல்ல வேண்டும் என்ற வெறி எனக்கு. அதை மறைக்கமாட்டேன்.

படம் எடுக்க நான் பிடித்த இடம், இந்தியாவுக்குக் கப்பல் ஓடிய காலத்துப் பழைய பங்களா. காலை பத்து மணி. வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே உப்பும் வௌவால் எச்சமும் மணத்தன. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பைறூஸ் நானா பூட்டைத் திறந்து, திறப்பைத் தந்துவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டார்.

அறையில் ஓர் அலுமாரி. அதற்குள் நடுவில் நீள்வட்டமாக வெட்டிய அட்டை வைத்துச் சட்டம் போட்ட ஒரு படம். அட்டையின் ஓட்டைக்குள் ஒரு முகம் மட்டும் தெரிந்தது.

கடவுளே, நான் தேடிய அதே முகம்! மெல்லிய புருவம். கண்ணைச் சுற்றிக் கருமை. பாதி மூடிய இமை. வில் போல வளைந்த கறுத்த குட்டி உதடு. உச்சியிலிருந்து கன்னம் வழியாக நாடிக்குக் கீழே இறங்கிய ஒரு வெள்ளைப் பட்டி. அந்தக் காலத்து ஸ்டைல் என்று நினைத்து நான் துள்ளிக் குதித்தேன்.

கிருஷிகாவைக் கதிரையில் இருத்தினேன். புருவத்தைக் குளூ ஸ்டிக்கால் ஒட்டி, பவுடர் போட்டு மறைத்து, பென்சிலால் ஒரு கோடு இழுத்தேன். கண்ணுக்கு மை. உதட்டின் இரண்டு ஓரங்களையும் கன்சீலரால் அழித்து, நடுவில் மட்டும் கருஞ்சிவப்பில் சின்னதாக ஒரு வாய் வரைந்தேன். அவள் கதைத்துக் கதைத்து அதை இரண்டு முறை கெடுத்தாள். எனக்கு எரிச்சல் வந்தது.

"கொஞ்ச நேரம் வாயைப் பொத்திக்கொண்டு இரடி!"

படத்தில் உள்ளதுபோலவே வெள்ளை ரிபனை நாடிக்குக் கீழே கொண்டுபோய் உச்சியில் முடிந்தேன்.

"இறுக்கிக் கட்டாதேங்கோ அக்கா."

அவள் வாயிலிருந்து நான் கேட்ட கடைசி வார்த்தை அது.

படம் எடுத்தேன். ஒவ்வொரு படத்திலும் அவள் கண் பாதி மூடியிருந்தது. "கண்ணை வடிவாத் திற" என்றேன். நேரே பார்த்தால் திறந்துதான் இருந்தது.

எங்கிருந்தோ ஓடிக்கலோன் சென்ற் மணத்தது. கூடவே உருகிய மெழுகுதிரி.

தண்ணீர்ப் போத்தலோடு வந்த பைறூஸ் நானா கிருஷிகாவைக் கண்டதும் போத்தலைக் கீழே போட்டார்.

"புள்ள," என்றார் மெதுவாக. "உசிரோட இருக்கிற புள்ளைக்கு ஏன் நாடி கட்டினீங்க? மௌத்தானவங்களுக்குத்தானே கட்டுவாங்க?"

சட்டத்தைப் பிரித்து அட்டையை எடுத்தேன்.

பெட்டி. மெழுகுதிரிகள். சுற்றிவரக் கறுப்பில் சனங்கள்.

சா வீட்டுப் படம். எங்கள் கத்தோலிக்க வீடுகளில் அது வழமைதான். என் அப்பாவுடைய படமும் சுவரில் தொங்குகிறது. பாவி, நான் எப்படிக் காணாமல் விட்டேன்? வாய் திறவாமல் இருக்கக் கட்டும் நாடிக்கட்டைப் படம் எடுக்கும்போது அவிழ்த்துவிடுவார்கள். இவளுடையதை மட்டும் ஏனோ ஒருவரும் அவிழ்க்கவில்லை.

ரிபனைக் கத்தரிக்கோலால் வெட்டினேன்.

கிருஷிகாவின் நாடி அசையவில்லை.

பஞ்சை நனைத்து லிப்ஸ்டிக்கைத் துடைத்தேன். கன்சீலரைத் துடைத்தேன்.

அதற்குக் கீழே உதட்டின் ஓரங்கள் இல்லை. வெறும் தோல்தான் இருந்தது.

டாக்குத்தர்மாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஸ்ட்ரோவால் கஞ்சி குடிக்கிறாள். கலியாணத்தை நிறுத்திவிட்டார்கள். கோகுலன் வந்து பக்கத்தில் இருந்துவிட்டுப் போகிறான். படத்தை நான் அந்த அலுமாரிக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டு வந்தேன்.

நேற்றுப் பின்னேரம் கிருஷிகா என் கடைக்கு வந்தாள். கிழமைக்கு ஒருமுறை வருவாள். மேக்கப் துடைக்கும் போத்தலை எடுத்து என் கையில் வைப்பாள். நானும் அழுதுகொண்டே துடைப்பேன். துடைத்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"புள்ள," பைறூஸ் நானா குசுகுசுத்தார். "அந்தத் தங்கச்சிய ஏன் இங்க தனிய விட்டுட்டுப் போனீங்க? வெளிய பூட்டிக் கிடக்கு. உள்ளுக்க கதைச்சிக்கிட்டே இருக்கிறா."

"நானா, அவ இஞ்ச என்ர முன்னால இருக்கிறா."

அவர் போனைக் கதவுப் பக்கம் நீட்டினார். காற்று இரைந்தது. அதற்குப் பின்னால், அலுமாரிக்குள்ளிருந்து வருவதுபோல, அந்த ஓயாத குரல் சந்தோசமாகக் கேட்டது.

"ஆவணி பதினெட்டு. கட்டாயம் வாங்கோ."

கிருஷிகா என் கையை இறுக்கிப் பிடித்தாள். கண்ணாடியில் அவள் கண்கள் பாதி மூடியிருந்தன.

கலியாணம்தான் இல்லையே, அந்தக் குரல் எதற்குக் கூப்பிடுகிறது? ஆவணி பிறக்க இன்னும் நாலு நாள் இருக்கிறது.